ரேகையா, முகமா, அட்டையா: செட்டிநாட்டுப் பட்டறைக்கும் கடைக்கும் எது ஒத்துவரும்?

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் செய்யும் பட்டறையில் வேலை செய்பவரின் விரல் நுனியைத் தொட்டுப் பார்த்தாலே போதும், அங்கே வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின் ஏன் சரிவராது என்று புரிந்துவிடும். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமென்ட்டும் மணலும் இட்டு, கரண்டியால் இழுத்து மட்டம் செய்யும் வேலை அது. நாள் முழுக்க கை சிமென்ட்டில் கிடக்கும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஈரச் சிமென்ட்டில் 12-க்கு மேல். அந்தக் காரம் தோலை அரிக்கும், மணல் தேய்க்கும், ரேகையின் மேடும் பள்ளமும் மழுங்கிப் போகும். சென்சாரோ ரேகைக்கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. மழுங்கிய விரலில் அந்தப் புள்ளிகள் கிடைக்காது. ரேஷன் கடையில் வயதானவர்களும் கூலி வேலைக்காரர்களும் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதற்கும் காரணம் இதுதான்.

அதே மெஷினைக் காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் மாட்டினால் வருடக்கணக்கில் தொந்தரவு இல்லாமல் ஓடும். ஆகவே விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் வேலையாட்களின் கையைப் பாருங்கள். வருகைப் பதிவுக்கு எந்த மெஷின் என்பதை முடிவு செய்வது அந்தக் கைதான்.

கைரேகைக்கும் முகத்துக்கும் நடுவே

கைரேகை மெஷின் விலை குறைவு. எந்த ஊரிலும் மாட்டித் தர ஆள் உண்டு. ஒருவருக்காக இன்னொருவர் வருகை போடுவதும் நின்றுவிடும். கடை, அலுவலகம், பள்ளி, கணினி மையம் இவற்றுக்கு இதுவே போதும். பலகாரம் போடும் இடத்தில்தான் இது தடுமாறும். சீப்புச் சீடையும் தேன்குழலும் போடும் கையில் எண்ணெயும் மாவும் ஒட்டியிருக்கும். அந்த விரலை வைத்தால் சென்சார் கண்ணாடியில் பிசுக்கு படியும். ஒளியால் ரேகையைப் படமெடுக்கும் ஆப்டிகல் சென்சாரில் முந்தைய ஆளின் விரல் தடம் அப்படியே தங்கி அடுத்தவரின் ரேகையோடு கலந்துவிடும். மெஷின் கெட்டுவிட்டது என்று கடைக்காரரைக் கூப்பிடும் முன், உலர்ந்த மென்துணியால் துடைத்துப் பாருங்கள். பிசுக்கு போகாவிட்டால் செல்லோ டேப்பை ஒட்டி எடுங்கள். கண்ணாடி மேல் நேரடியாகத் தண்ணீரோ ஸ்பிரிட்டோ தெளிக்கக் கூடாது.

ரேகை ஓரளவு தேய்ந்தவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. விரலை மட்டும் வைத்தால் மெஷின் பதிவாகியிருக்கும் எல்லார் ரேகையோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. முதலில் ஆள் எண்ணை அழுத்திவிட்டு விரல் வைத்தால் அந்த ஒருவரின் பதிவோடு மட்டும் ஒப்பிடும். ஆள் மாறும் அபாயம் குறைவதால், எவ்வளவு பொருந்தினால் ஏற்க வேண்டும் என்ற ஒப்பீட்டு அளவை அந்த முறைக்கு மட்டும் ஒரு படி இறக்கலாம். எல்லாருக்கும் சேர்த்து இறக்கினால் ஒருவர் வருகை இன்னொருவர் பெயரில் விழும். சம்பள நாளில் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. பதிவு செய்யும்போது ஒரு கைக்கு இரண்டு என நான்கு விரல்களாவது எடுங்கள். வேலை நடுவே, கை வழக்கமாக இருக்கும் நிலையில் எடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய கையில் எடுத்த பதிவு மறுநாள் வேலைக் கையோடு பொருந்தாமல் போகலாம்.

முக மெஷினுக்குத் தொட வேண்டியதில்லை என்பதே பாதி வெற்றி. கல் பட்டறை, பலகாரக் கூடம், மசாலா அரைக்கும் இடம், செக்கு எல்லாவற்றுக்கும் இதுதான் எங்கள் பரிந்துரை. ஆனால் சாதாரணக் கேமரா மட்டும் உள்ள மலிவு மெஷினை வாங்காதீர்கள். செல்போனில் இருக்கும் படத்தைக் காட்டினாலே சில மெஷின்கள் ஏமாந்துவிடும். அகச்சிவப்புக் கேமராவும் சேர்ந்த இரட்டைக் கேமரா மெஷினாகப் பார்த்து, பணம் கொடுக்கும் முன் உங்கள் போன் படத்தையே காட்டிச் சோதியுங்கள். மெஷின் அதை ஏற்றால் வாங்க வேண்டாம்.

நம் வீடுகளில் முக மெஷின் தோற்பது பெரும்பாலும் வெளிச்சத்தால். வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய வீட்டின் உள்பகுதியை, அலுவலகமாக்கிய இடங்களில் மெஷினைத் தூணிலோ உள் சுவரிலோ மாட்டுகிறார்கள். எதிரே நிற்பவருக்குப் பின்னால் திறந்த முற்றம், அதில் கொட்டுகிற வெயில். கேமராவுக்கு முகம் இருட்டாகத்தான் தெரியும். காலை 9 மணிக்கு எடுத்துக்கொள்ளும் மெஷின் 12 மணிக்கு மறுத்தால் காரணம் இதுதான். வெளிச்சம் மெஷினுக்குப் பின்பக்கமிருந்து ஆளின் முகத்தில் விழ வேண்டும், ஆளின் முதுகில் விழக்கூடாது. திண்ணையில் மாட்டினால் மேற்குச் சுவரைத் தவிருங்கள். பல மெஷின்களுக்கு 45 டிகிரிதான் எல்லை, சித்திரை வெயில் நேரே அடிக்கும் சுவரில் பெட்டிக்குள் சூடு அதைத் தாண்டிவிடும். தரையிலிருந்து கேமரா 1.2 முதல் 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும், ஆள் அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் தள்ளி நிற்கட்டும். ஆணி அடிக்கும் முன் உங்களிடம் இருப்பவர்களில் மிகக் குள்ளமானவரையும் மிக உயரமானவரையும் நிற்க வைத்துப் பாருங்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போய் மொட்டையோடு திரும்புகிறவரை மெஷின் ஏற்குமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஏற்கும், தலைமுடியை நம்பி அது ஒப்பிடுவதில்லை. நீண்ட தாடியை எடுத்துவிட்டு வருபவருக்கு மட்டும் சில சமயம் மறுபதிவு தேவைப்படும். ஒரு நிமிட வேலை.

வாசலில் ஆகும் நேரத்தையும் கணக்குப் போடுங்கள். 60 பேர், ஆளுக்கு 4 நொடி என்றால் 4 நிமிடம். அதில் 15 பேருக்கு ரேகை விழாமல் ஆளுக்கு அரை நிமிடம் போனால் மொத்தம் பத்தரை நிமிடம். வரிசையின் கடைசியில் நிற்பவர் மெஷினால் 'லேட்' ஆகிறார். அது அவர் தவறே இல்லை.

அட்டை, கருவிழி, உள்ளங்கை நரம்பு

மெஷின் முன் காட்டும் அடையாள அட்டை வேகமானது, மலிவானது. ஆனால் நாலு பேர் அட்டையை ஒருவரே கொண்டுவந்து காட்டலாம். 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அட்டையை நகலெடுப்பதும் எளிது. வாங்குவதானால் 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டையாக, அதிலும் தகவலைப் பூட்டிவைக்கும் குறியாக்கம் உள்ளதாகப் பாருங்கள். தனியாக வைப்பதைவிட, ரேகையோ முகமோ விழாதவருக்கு மாற்று வழியாக வைப்பதே சரி.

கருவிழி மெஷினும் உள்ளங்கை நரம்பு மெஷினும் தேய்ந்த கைக்கு நன்றாக ஒத்துவரும். நரம்பு மெஷின் அகச்சிவப்பு ஒளியால் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தைப் பார்க்கிறது, மேல்தோல் மழுங்கியது அதற்குத் தடையில்லை. ஆனால் இரண்டும் விலை அதிகம். ஐம்பது அறுபது பேர் வேலை செய்யும் இடத்துக்கு அவசியமில்லை.

கதவு வேறு, வருகை வேறு

ஒரே மெஷினில் வருகையும் போடலாம், கதவும் திறக்கலாம் என்று விற்பார்கள். வாசலில் வெளியே தெரியும் மெஷினுக்குள்தான் கதவைத் திறக்கும் ரிலே என்ற மின்சுவிட்ச் இருக்கும். திருகைக் கழற்றி இரண்டு ஒயரைச் சேர்த்தால் கதவு திறந்துவிடும். பணப்பெட்டி, பழம்பொருள் கிடங்கு இருக்கும் அறைக்கு வெளியே ரேகையையோ முகத்தையோ படிக்கும் ரீடர் மட்டும், உள்ளே கதவைத் திறக்கும் தனி கன்ட்ரோலர் என்று பிரித்து வையுங்கள்.

பழைய வீட்டின் பர்மாத் தேக்கு நிலையிலும் கதவிலும் பூட்டு மாட்டத் துளை போடாதீர்கள். போன வேலைப்பாடு திரும்ப வராது. உள்ளே புதிதாக வைத்த கண்ணாடிக் கதவு அல்லது பிளைவுட் கதவில் காந்தப் பூட்டை மாட்டுங்கள். 280 கிலோ இழுவிசைப் பூட்டு 12 வோல்ட்டில் ஏறக்குறைய அரை ஆம்பியர் எடுக்கும். அதற்கும் மெஷினுக்கும் ஒரே அடாப்டர் போடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. மின்சாரம் திரும்பும் நொடியில் வோல்ட்டேஜ் விழுந்து மெஷின் மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகும். பூட்டுக்குத் தனி சப்ளையும் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியும் வையுங்கள். பூட்டின் முனைகளில் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்றைத் தலைகீழாகப் போடுங்கள், ரிலே கருகாது.

காந்தப் பூட்டு மின்சாரம் போனால் திறந்துகொள்ளும். ஆட்கள் இருக்கும் அறைக்கு அது சரி, தீப்பிடித்தால் யாரும் உள்ளே சிக்க மாட்டார்கள். உள்பக்கம் வெளியேறும் பட்டனும் கட்டாயம் வேண்டும். இரவில் ஆளில்லாத கிடங்குக்கு இந்தப் பூட்டை மட்டும் நம்பாமல் சாவிப் பூட்டையும் போடுங்கள்.

நேரமும் சம்பளமும்

தீபாவளிக்கு முன் பலகாரக் கூடங்களில் வேலை நள்ளிரவைத் தாண்டும். வருகையைக் கணக்கிடும் மென்பொருளில் நாள் மாறும் நேரத்தை 12 மணியிலேயே விட்டால், இரவு 8 மணிக்கு வந்து காலை 4 மணிக்குப் போனவருக்கு இரண்டு நாளும் அரைகுறையாகத்தான் விழும். அதைக் காலை 6 மணிக்கு மாற்றுங்கள். மெஷினின் கடிகார பேட்டரி தீர்ந்தால், மின்தடைக்குப் பிறகு தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அன்றைய பதிவுகள் எங்கோ பழைய தேதியில் கிடக்கும். மாதம் ஒருமுறை திரையில் தேதியைச் சரிபாருங்கள்.

வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் சம்பளம் பிடிப்பதைச் சம்பளச் சட்டம் அனுமதிப்பதில்லை. மென்பொருளில் 'பத்து நிமிடத் தாமதத்துக்கு அரை நாள்' என்று ஒரு டிக் இருப்பதால் அது சட்டப்படி சரியாகிவிடாது. மெஷின் ஏற்காதவரின் பெயர், நேரம், காரணம் எழுத ஒரு நோட்டு வாசலிலேயே இருக்க வேண்டும். மேற்பார்வையாளரும் வேலையாளும் இருவருமே அதில் கையெழுத்துப் போட வேண்டும். பேரேடும் குறிப்பேடும் தனித்தனியாக எழுதிச் சரிபார்த்த ஊர் இது, இந்தப் பழக்கம் நமக்குப் புதிதில்லை.

கடைசியாக, ரேகையும் முகமும் பாஸ்வேர்ட் அல்ல, திருட்டுப் போனால் மாற்ற முடியாது. 2019-ல் பயோஸ்டார் 2 என்ற கதவு மேலாண்மை மென்பொருளின் தரவு, கைரேகைப் பதிவுகளோடு இணையத்தில் திறந்து கிடந்தது தெரியவந்தது. 2023-ன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இந்தத் தரவைக் காக்கும் பொறுப்பு முதலாளியுடையது. மாட்டிய அன்றே நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மெஷின் ரேகைப் படத்தைச் சேமிக்கிறதா, எண்களாக மாற்றிய பதிவை மட்டுமா என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். வேலையை விட்டுப் போகிறவரின் பதிவை, கணக்குத் தீர்க்கும் நாளிலேயே, அவர் கண்முன் அழியுங்கள். மெஷினில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை, பேக்கப்பில் ஒருமுறை.