பேஜ்மேக்கருக்காக மூன்று ஓ.எஸ்.ஸில் விர்ச்சுவல் மெஷின்

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைவிழா நோட்டீஸ் எல்லாம் இன்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7-ல்தான். 2001-ல் வந்த அதுதான் கடைசிப் பெரிய பதிப்பு. பழைய ஃபைல்களெல்லாம் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் இருப்பதால், வேறு மென்பொருளில் திறந்தால் எழுத்து சிதறிவிடும். அதனால் பழைய விண்டோஸ் எக்ஸ்பியை விர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள் மென்பொருளாலேயே ஓடும் இன்னொரு கணினியில் போட்டு, பல வருடமாக நான்தான் பார்த்துவருகிறேன். எக்ஸ்பி ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லை. அதைத் தாங்கும் ஓ.எஸ். அப்டேட் ஆகும்போதுதான் வம்பு.

விண்டோஸ் 10-ல் விர்ச்சுவல் மெஷினை ஓட்டுவது விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள். ஒரு நாள் திடீரென்று இழுக்க ஆரம்பித்தது. "நேத்து வரைக்கும் நல்லாத்தானல ஓடுச்சு!" என்றார் அச்சகத்து அண்ணாச்சி. கீழ் மூலையில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால் காரணம் விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் அமைப்பான ஹைப்பர்-வி: விர்ச்சுவல் மெஷினை வேகமாக ஓட்டப் பிராசசரில் உள்ள விடி-எக்ஸ் வசதியை அது பிடித்துக்கொள்ள, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் ஓடும். ஹைப்பர்-வியையும், அதை நம்பி ஓடும் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்தால் ஆமை போய்விடும். பாதுகாப்பு கொஞ்சம் குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லினக்ஸ் வகையான உபுண்டுவில் கதையே வேறு. ஓ.எஸ்.ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறும்போதெல்லாம், அதோடு சேர்ந்து இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூலை மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். அதற்குத் தேவையான கெர்னல் ஹெடர் பேக்கேஜ் இல்லையென்றால் -1908 என்ற பிழை வரும். கையொப்பமில்லாததைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் மாட்யூலுக்குக் கையொப்பமும் வேண்டும். கெர்னல் 6.12 வந்தபின் இன்னொரு தொல்லை: கெர்னலின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம் லோடானதுமே விடி-எக்ஸைத் தன் வசம் எடுத்துக்கொண்டது, விர்ச்சுவல்பாக்ஸ் கிளம்பவே மாட்டேன் என்றது. கேவிஎம்மை இறக்கிவிட்டு ஓட்டலாம். ஆனால் 2007 முதல் கெர்னலுக்குள்ளேயே இருப்பதை இறக்கிவிட்டு வெளியாளை ஏற்றுவானேன்? கேவிஎம்மோடு சேர்ந்து ஓடும் க்யூஎமு என்ற மென்பொருளுக்கு மாறினேன்.

புதுப் பதிப்பு வேண்டுமென்று சோர்ஸிலிருந்தே கட்டினேன். எல்லா டார்கெட்டையும் (அது ஓட்டக்கூடிய பிராசசர் வகைகளை) கட்டினால் நேரம் போகும். எக்ஸ்பிக்கு எக்ஸ்86 ஒன்றே போதும். ஜிலிப், பிக்ஸ்மேன், நிஞ்சா என்று கேட்டதையெல்லாம் கொடுத்து, பில்டும் முடிந்தது. ஆனால் நெட்வொர்க் மட்டும் இல்லை. 7.2 முதல், எளிய நெட்வொர்க் வசதி தரும் லிப்ஸ்லர்ப் என்ற நூலகம் க்யூஎமுவோடு சேர்ந்து வருவதில்லை. அதன் டெவ் பேக்கேஜைப் போட்டுவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். புதுப் பதிப்பு அவசியமில்லாதவர்களுக்கு உபுண்டு தருவதே தாராளம்.

விர்ச்சுவல்பாக்ஸின் பழைய விடிஐ டிஸ்க் ஃபைலை க்யூஎமு-இமேஜ் கருவி க்யூஎமுவின் க்யூகவ்2 வடிவத்துக்கு மாற்றித் தரும். அதைப் பழைய ஐடிஇ வகை டிஸ்க்காகவே இணையுங்கள். விர்ச்சுவல் மெஷினுக்கென்றே உள்ள விர்ட்ஐஓ வகை வேகம்தான், ஆனால் டிரைவர் இல்லாத எக்ஸ்பி 7பி என்ற பிழையோடு நீலத்திரையில் நின்றுவிடும். நெட்வொர்க் கார்டாக ஆர்டிஎல்8139 மாடலைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான டிரைவர் எக்ஸ்பியிலேயே உண்டு. மவுஸ் கர்சர் தள்ளித் தள்ளி ஓடினால் க்யூஎமு அமைப்பில் யூஎஸ்பி டேப்லெட் என்ற சாதனத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும். வன்பொருள் மாறியதாக நினைத்து எக்ஸ்பி மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம், தயாராக இருங்கள். கொடை சீசனில் மட்டும் அப்டேட்டைத் தொடவே விடமாட்டேன்.

அண்ணாச்சி மகனிடம் எம்1 மேக். அதில் இருப்பது எக்ஸ்86 அல்ல, ஆர்ம் வகை பிராசசர். ஆர்ம் மேக்கில் விர்ச்சுவல்பாக்ஸ் ஆர்ம் ஓ.எஸ்.களை மட்டுமே ஓட்டும். யூடிஎம் என்ற மென்பொருளில் எக்ஸ்பி எமுலேஷனாக, அதாவது எக்ஸ்86 பிராசசரை மென்பொருளாலேயே நடித்துக்காட்டி, மெதுவாக ஓடுகிறது. பார்க்கலாம், வேலை செய்ய முடியாது. உபுண்டுவில் ஓடும் எக்ஸ்பியையே, தொலைவிலிருந்து திரையைக் காட்டும் விஎன்சி வழியாக மேக்கில் திறக்கக் கொடுத்துவிட்டேன். பாஸ்வேர்டு வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மேக்கின் ஸ்கிரீன் ஷேரிங் இணையாது.