கான்டெஸாவை வெட்டி வேகன் ஆக்கி கால் நூற்றாண்டு: ஓட்டியவன் சொல்வது

எங்கள் வீட்டு கான்டெஸாவின் (ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பெரிய கார்) பின்பக்கத்தை வெட்டி, கூரையை நீட்டி, ஸ்டேஷன் வேகன் ஆக்கியது 1998-இல். அதிலிருந்து இன்றுவரை வண்டி எங்களிடம்தான் இருக்கிறது, நான்தான் ஓட்டுகிறேன். வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு நாமும் ஒன்று செய்யலாமா என்று கேட்பவர்களுக்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

அப்பா தவில்காரர். கும்பகோணம் பக்கம் வீடு, கச்சேரியும் கோயில் புறப்பாடும் மாயவரம், திருவாரூர், நாகப்பட்டினம், மன்னார்குடி என்று சுற்றிச் சுற்றி வரும். ராத்திரி முழுக்க தோளில் தவிலை மாட்டிக்கொண்டு நின்று வாசித்துவிட்டு விடியற்காலை திரும்பும்போது அவர் இடுப்பு என்ன பாடுபடும் என்று கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். 1996-இல் 92 மாடல் கான்டெஸா கிளாசிக் ஒன்றைப் பழசாக வாங்கினோம். 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர். அந்தக் காலத்தில் அதிகாரிகளும் மில் முதலாளிகளும் போகும் வண்டி. பின்சீட்டில் உட்கார்ந்தால் குண்டும் குழியும் எங்கோ தூரத்தில் போவது போல இருக்கும். அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார், இனி வேன் வேண்டாம் என்று.

சிக்கல் டிக்கியில் வந்தது. இரண்டு தவில், இரண்டு நாதஸ்வரம், சுருதிப் பெட்டி, நான்கு பேருடைய பை, இத்தனையும் உள்ளே அடங்கவில்லை. ஒரு தவிலை மேலே கேரியரில் கட்டினோம். தவில் தோலைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைக் கேட்டாலே பதறுவார்கள். ஈரம் பட்டால் தோல் தளர்ந்து நாதம் செத்துவிடும், வெயிலில் காய்ந்தால் இறுகி வெடிக்கப் பார்க்கும். ஒரு ஐப்பசி மழையில் தார்ப்பாயையும் மீறி வலந்தலை (தவிலின் வலப்பக்கத் தோல்) நனைந்துபோக, அன்றைக்கு இரவல் தவிலில் வாசித்துவிட்டு வந்த அப்பா, 'இந்த வண்டியை நீட்ட முடியுமான்னு கேளு' என்றார்.

கான்டெஸா அடிப்படையில் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர். அந்த வாக்ஸ்ஹாலுக்கு அங்கே எஸ்டேட், அதாவது ஸ்டேஷன் வேகன், மாடலும் இருந்தது, அதனால் கற்பனைக்கு ஒரு வடிவம் கிடைத்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசடரில் எஸ்டேட் செய்திருந்தது. எங்கள் டிங்கர் அண்ணன் அந்த எஸ்டேட் ஒன்றை நேரில் பார்த்து அளவெடுத்து வந்த பிறகுதான் சம்மதித்தார். அப்போதும் ஒரு நிபந்தனை போட்டார். 'ஐயா, சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற தகட்டை வெட்டினா வண்டி முறுக்கும். கீழேயும் தூணிலேயும் இரும்பு குடுக்காம நான் கைவைக்க மாட்டேன்.'

அந்த மனிதர் சொன்னது எவ்வளவு சரி என்று பின்னால் புரிந்தது. டிக்கி தனியாக இருக்கிற செடான் காரில் பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் இருக்கிற தகடு வெறும் தடுப்பு இல்லை. அதுதான் பாடியை முறுக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பின்னால் பெரிய ஓட்டையும் போட்டால் வண்டி மூடியைக் கழற்றிய அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிடும். தரையில் நீளவாக்கில் இரண்டு சதுரக் குழாய், பின்தூண்களையும் கூரையையும் சேர்த்து ஒரு வளையம், இவ்வளவும் போட்டார். அப்படியும் மேடு ஏறி ஒரு சக்கரம் தூக்கினால் பின்கதவு லேசாக உரசும் சத்தம் இன்றுவரை உண்டு. மூன்று மாத வேலை, 62,000 ரூபாய் ஆனது.

ஓட்டும் அனுபவத்துக்கு வருகிறேன். ஆள் மட்டும் போகும்போது பழைய கான்டெஸாவின் மெத்தென்ற ஓட்டம் அப்படியே இருந்தது, அதில் குறையே இல்லை. சாமான் ஏற்றினால் பின்பக்கம் தொங்கியது, முகப்பு விளக்கு மேலே தூக்கி எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தியது. கனமான ஸ்பிரிங் போட்டோம். விளக்கு சரியானது, ஆனால் காலியாகப் போகும்போது தூக்கித் தூக்கிப் போட்டது. யாருடைய இடுப்புக்காக இந்த வண்டியை வைத்திருக்கிறோமோ அவருக்கே ஆகவில்லை. ஆறு மாதத்தில் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு, இடையில் ரப்பர் பஃபர் வைத்தோம். அதுதான் இன்றுவரை.

புகை விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள். பின்பக்கம் செங்குத்தாக இருக்கிற வண்டி ஓடும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, புகையையும் புழுதியையும் தன் பக்கம் இழுக்கும். முதல் வருடம் நாகப்பட்டினம் போய்த் திரும்புகையில் பின்னால் இருந்த இரண்டு பேருக்கும் தலைவலி, ஒருவருக்கு வாந்தி. தூக்கமின்மை என்று நினைத்தோம். அடுத்த வாரம் அதே மாதிரி ஆனதும்தான் பின்கதவின் இடுக்கை அடைக்கும் ரப்பர் பீடிங் ஒரு மூலையில் ஒட்டாமல் இருப்பதைப் பார்த்தோம். பெட்ரோல் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போகலாம். சைலன்சர் குழாயை நீட்டி பக்கவாட்டில் திருப்பினோம், பீடிங்கை முழுவதும் மாற்றினோம், பின் கண்ணாடிகளைத் திறந்து வைத்து ஓட்டுவதை நிறுத்தினோம். அப்புறம் யாருக்கும் தலைவலி வரவில்லை.

அதே காரணத்தால்தான் அறுவடைக் காலத்தில் ரோட்டில் வைக்கோலும் நெல்லும் காயப்போட்டிருக்கும்போது, பதரும் தூசியும் சுழன்று வந்து பின்கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். செடானில் இது இவ்வளவு தெரியாது. பின்னாலும் ஒரு வைப்பர் கட்டாயம் வேண்டும், நாங்கள் இரண்டு வருடம் கழித்துத்தான் போட்டோம்.

பின்கதவைத் தூக்கிப் பிடிக்க மாருதி ஆம்னி வேனின் டிக்கி ஷாக்கைப் போட்டிருந்தோம். எங்கள் கதவோ முழுக்க இரும்பு, கண்ணாடியும் கனம். ஒரு நாள் சரசரவென்று இறங்கி அப்பாவின் கைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. தவில்காரருக்குக் கைதான் சொத்து. அன்றே கனமான ஷாக் வாங்கி மாட்டினேன். இன்றும் சாமான் இறக்கும்போது ஒரு மூங்கில் தடியை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கதவுக்குக் கீழே ஆள் போகலாம்.

சூடும் ஒரு பிரச்சினை. கண்ணாடி அதிகம், ஏ.சி. முன்பக்கம் மட்டும். கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தோம், 2012-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்ததும் உரித்துவிட்டோம். இப்போது தவில்களின் மேல் பவானி ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போடுகிறோம், போதுமானதாக இருக்கிறது. கூரைத் தகடு நீளமாக இருப்பதால் 70-ஐத் தாண்டினால் 'கும்ம்' என்று காதை அடைக்கும். தகட்டுக்கு அடியில் தார் ஷீட் ஒட்டிய பிறகு பாதி குறைந்தது. மைலேஜ் லிட்டருக்கு எட்டு, சாமானோடு ஏழு.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மூன்றாம் நாள், இந்த வண்டியில்தான் அரிசியும் மெழுகுவத்தியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் போனோம். விழுந்த தென்னைகளுக்கு நடுவில் திருப்பித் திருப்பி ஓட்டினேன். எந்த இடத்திலும் வண்டி மக்கர் பண்ணவில்லை. அன்றைக்கு அந்த டிங்கர் அண்ணனை மனதாரக் கும்பிட்டேன்.

இப்போது செய்யலாமா என்றால், செய்யாதீர்கள். நாங்கள் செய்தபோது ஆர்.டி.ஓ.வில் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, ஒப்புதல் வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் பாடி வகையை மாற்றி எழுத வழி இருந்தது. 2000-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய 52-ஆம் பிரிவு இறுகியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. எங்கள் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பழைய கையெழுத்தைக் காட்டித்தான் தப்பிக்கிறோம். புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலில் 600-இலிருந்து 5,000 ரூபாய் ஆனது.

துரு மட்டும்தான் இப்போது தீராத வேலை. வெல்டிங் வைத்த இடங்களில் உள்பக்கம் பெயின்ட் எரிந்து போயிருக்கும், அங்கே பிரைமர் போய்ச் சேராது, பத்து வருடம் கழித்துத்தான் வெளியே கொப்புளம் தெரியும். பக்கத் தகடு இரண்டையும் ஒரு முறை மாற்றியாயிற்று. பின்கதவின் அடிப்பகுதி இந்த வருடம் போய்விட்டது. ஐப்பசிக்கு முன்னால் புதுத் தகடு போட்டு, பீடிங் ஓரம் முழுக்க சாக்பீஸ் பொடி தூவி, வெளியிலிருந்து ஹோஸில் தண்ணீர் அடித்து எங்கே பொடி கரைகிறது என்று பார்க்க வேண்டும். டிங்கர் அண்ணனின் மகன் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.