02048 என்றால் எத்தனை? சேமிப்பக டிரைவர்கள் நம் உள்ளீட்டைப் படிக்கும் விதங்கள்

டிஸ்க்கைக் கையாளும் டிரைவரிடம் நாம் ‘2048’ என்று சொல்லும்போது அதற்குப் போய்ச் சேருவது எண் அல்ல, நான்கு எழுத்துகள். அந்த எழுத்துகளை எண்ணாக்கும் வேலையைச் செய்ய லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் பல வழிகள் இருக்கின்றன. சரியான உள்ளீட்டைக் கொடுத்தால் எல்லா வழிகளும் ஒரே விடையைத்தான் தரும். தவறானதைக் கொடுத்தால்தான் எதன் குணம் என்ன என்று தெரியவரும். அதனால் இந்த அலசலில் எல்லாவற்றுக்கும் தவறான உள்ளீட்டையே கொடுத்துப் பார்க்கிறேன்.

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பாடாங் செராயைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் பினாங்குத் தொழிற்சாலைகளுக்கும் பஸ் ஏறுகிறார்கள். சிப்பையும் டிஸ்க் பாகங்களையும் சோதித்துப் பார்க்கும் வேலையிலிருக்கும் சில இளைஞர்கள், அவற்றை இயக்கும் மென்பொருளையும் எழுதிப் பழக வேண்டும் என்று ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் கூடுகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்ததில் தேறியவைதான் இந்தக் கருத்துகள்.

எழுத்தை எண்ணாக்கும் கெர்னல் செயற்கூறுகளில் முதலில் ‘சிம்பிள்’ குடும்பத்தையும் ‘கேஸ்ட்ர்டோ’ குடும்பத்தையும் எதிரெதிரே வைக்கிறேன். முதலாவது பழையது. எண் போலத் தெரியும்வரை படிக்கும். தெரியாத எழுத்து வந்ததும் நின்று, அதுவரை சேர்த்ததை விடையாகத் தரும். பிழை என்று சொல்ல அதற்கு வாயே கிடையாது. இரண்டாவது 2011இல், 2.6.39 பதிப்போடு வந்தது. அது விடையை ஒரு புறமும் பிழைக் குறியை மறுபுறமும் தருகிறது. எண் கொள்ளளவை மீறினால் ஒரு பிழை, எண்ணே அல்லாத ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் வேறொரு பிழை.

தலைப்பில் உள்ள எண்ணை இரண்டுக்கும் கொடுத்துப் பாருங்கள். அடிமானத்தை, அதாவது எத்தனை இலக்கங்களை வைத்து எண்ணுவது என்பதை, தானே கண்டுபிடிக்கச் சொன்னால் இரண்டு குடும்பங்களும் ஒரே விதியைப் பின்பற்றுகின்றன. ‘0எக்ஸ்’ என்று தொடங்கினால் பதினாறடிமானம், வெறும் 0 முன்னால் நின்றால் எட்டடிமானம். எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே இல்லை. ஆகவே ‘சிம்பிள்’ 0204 வரை படித்துவிட்டு, கடைசி 8ஐக் கைவிட்டு, 132 (2×64 + 4) என்று விடை சொல்லும். அழகுக்காக முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தவர் டிஸ்க்கின் 2048ஆவது செக்டாரை, அதாவது அந்த எண்ணுள்ள சிறு துண்டைக் கேட்டார். கிடைத்தது 132ஆவது செக்டார். ஒரு செக்டார் 512 பைட் என்ற கணக்கில் 2048 என்பது டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து சரியாக 1 மெபிபைட் (1024 × 1024 பைட்) தள்ளி இருக்கிறது. டிஸ்க்கின் பிரிவுகளான பார்ட்டிஷன்கள் வழக்கமாக அங்கேதான் தொடங்கும். 132 அதற்கு வெகு முன்னால். அங்கே எழுதினால் என்ன அழியும் என்பது அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது.

அதே 02048ஐ ‘கேஸ்ட்ர்டோ’ திருப்பி அனுப்பிவிடும். தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் எழுத்தரான கிராணி வாளியின் எடையோடு விடுவதில்லை. பாலின் அடர்த்தியைக் காட்டும் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பார்ப்பார். அந்தக் கண்டிப்புத்தான் இது. ஒரே ஒரு சலுகை உண்டு. வரி முடிவுக் குறி ஒன்று பின்னால் இருந்தால் பொறுத்துக்கொள்ளும். கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒரு கோப்பில் ‘எக்கோ’ கட்டளையால் எழுதும்போது அந்தக் குறி தானாகவே சேர்ந்து வரும் என்பதால் இந்தச் சலுகை அவசியமானது. ஆனாலும் ஓர் எச்சரிக்கை: 0100 என்று கொடுத்தால் கண்டிப்பான குடும்பமும் 64 என்றுதான் படிக்கும், ஏனென்றால் எட்டடிமானத்தில் அது பிழையற்ற எண். செக்டார், அளவு, எண்ணிக்கை போன்றவற்றுக்கு அடிமானம் 10 என்று நாமே சொல்லிவிடுவது நல்லது. கண்டுபிடிக்கும் பொறுப்பைக் கருவியிடம் விடாதீர்கள்.

புதிதாக எழுதுகிறவர் ‘சிம்பிள்’ பக்கம் போகவே தேவையில்லை. நிரல் எழுதும் நடையைச் சோதிக்க கெர்னலோடு வரும் கருவியும் அதைக் கண்டால் எச்சரிக்கிறது.

அடுத்தது எஸ்ஸ்கேன்எஃப் என்ற செயற்கூறு. ஒரே வரியில் பல மதிப்புகளைப் பிரித்தெடுக்க இதைவிட வசதியானது இல்லை; இருக்கும் டிஸ்க்குகளின் மேல் புதிய டிஸ்க்குகளைக் கட்டித் தரும் கெர்னல் பகுதியான டிவைஸ் மேப்பர் முழுவதும் இது பரவிக் கிடக்கிறது. டிஸ்க் இடத்தைப் பங்கிட்டுத் தரும் எல்விஎம்முக்கும் டிஸ்க் மறையாக்கத்துக்கும் அடியில் இருப்பது டிவைஸ் மேப்பர்தான். அங்கே ஒரு நேர்கோட்டு இணைப்பை உருவாக்க எந்த டிஸ்க், எந்தச் செக்டாரிலிருந்து என்று எழுத்தில் சொல்ல வேண்டும். ‘2048அஆ’ போல எண்ணுக்குப் பின்னால் குப்பை ஒட்டியிருந்தாலும், எண் ஒன்று கிடைத்துவிட்டது என்று எஸ்ஸ்கேன்எஃப் திருப்தி அடைந்துவிடும். 2012 மார்ச்சில் டிவைஸ் மேப்பர்காரர்கள் இதற்கு ஓர் எளிய தந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். எண்ணுக்குப் பின்னால் இன்னும் ஓர் எழுத்து இருந்தால் அதையும் படி என்று கேட்பார்கள். விடையாக ஒன்று மட்டும் வந்தால் உள்ளீடு சுத்தம். இரண்டு வந்தால் பின்னால் ஏதோ ஒட்டியிருக்கிறது, நிராகரித்துவிடலாம். கூடுதல் செலவு ஓர் எழுத்துக்கான இடம் மட்டுமே. எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் சிஸ்எஃப்எஸ் கோப்பைப் படிக்கும் இடத்தில் வைத்தால் வேலை செய்யாது. வரி முடிவுக் குறியும் ஓர் எழுத்துத்தான். ‘எக்கோ’ மூலம் வரும் நல்ல உள்ளீடு அத்தனையும் குப்பை என்று தள்ளப்படும். டிவைஸ் மேப்பரில் இடைவெளிகளை வைத்துச் சொற்களை முன்கூட்டியே பிரித்துவிடுகிறார்கள். அதனால்தான் அங்கே தந்திரம் பலிக்கிறது.

அங்கும் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது. எண் கொள்ளளவை மீறியதை எஸ்ஸ்கேன்எஃப் சொல்வதில்லை. 32 பிட் எண்ணாகப் படிக்கச் சொல்லி 4294967297ஐக் கொடுத்தால் மேல்பகுதி வெட்டுப்பட்டு 1 ஆகிவிடும். டிவைஸ் மேப்பர் குறைந்தபட்ச, அதிகபட்ச எல்லைகளைச் சரிபார்க்கிறது என்றாலும், சரிபார்ப்பு நடப்பது வெட்டுப்பட்ட பிறகு. 1 எல்லைக்குள் இருந்தால் தடையின்றி உள்ளே போய்விடும். சொற்கள் ஏற்கெனவே தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கும் இடத்தில் எஸ்ஸ்கேன்எஃப்பைவிட ‘கேஸ்ட்ர்டோ’வே மேல் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அளவுகளைப் படிக்கும் மெம்பார்ஸ் என்ற செயற்கூறு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மனிதர்கள் நேரடியாகத் தட்டச்சு செய்வது பெரும்பாலும் இதற்குத்தான். 512எம், 2ஜி என்று அளவோடு எழுத்தைச் சேர்த்து எழுதலாம். ஒவ்வொரு படியும் 1024 மடங்கு. நினைவகத்தைச் சுருக்கிச் சேமிக்கும் இசட்ராம் டிரைவர் தன் அளவை இதன் மூலம்தான் வாங்குகிறது. நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினிகளுக்கு இசட்ராம் பெரிய உதவி.

வகுப்பில் ஒரு தம்பி அப்படிப்பட்ட ஒரு கணினியில் இசட்ராம் அளவாக 1.5ஜி என்று எழுதினார். எந்தப் பிழையும் வரவில்லை. அடுத்து, அதை ஸ்வாப்பாக (நினைவகம் போதாதபோது உதவும் இடமாக) தயாரிக்கும் கட்டளையை ஓட்டினார். குறைந்தது 40 கிபிபைட் இடம் வேண்டும் என்று அது மறுத்துவிட்டது.

“அண்ணா, ஒன்றரை ஜிகாபைட் கொடுத்திருக்கிறேன், 40 கிபிபைட்கூட இல்லை என்கிறது” என்றார்.

“இசட்ராம் எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள் தம்பி” என்றேன்.

அளவுக் கோப்பைத் திறந்தால் 4096 என்று இருந்தது. நடந்தது இதுதான்: மெம்பார்ஸ் 1ஐப் படித்தது, புள்ளியைக் கண்டதும் நின்றது. அளவு 1 பைட். இசட்ராம் அதை ஒரு நினைவகப் பக்கத்துக்கு உயர்த்தி 4096 பைட் ஆக்கிக்கொண்டது. எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு ‘2 ஜிபி’ என்று எழுதினாலும் இதே கதிதான். இடைவெளி இல்லாமல் ‘2ஜிபி’ என்றால் தற்செயலாகச் சரியாகிவிடும். 2ஜி வரை படித்துவிட்டு மீதியைப் பார்க்காமல் விட்டுவிடும்.

மெம்பார்ஸின் மீது முழுப் பழியையும் போட முடியாது. எங்கே நின்றேன் என்று சொல்ல அது தயாராகத்தான் இருக்கிறது. அதை அழைக்கும் டிரைவர் ஒரு சுட்டியை (ஓர் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் மாறியை) கொடுத்தால் அதில் குறித்துத் தரும். இசட்ராம் அந்தச் சுட்டியைக் கொடுப்பதில்லை. உங்கள் டிரைவரில் மெம்பார்ஸைப் பயன்படுத்தினால் அந்தச் சுட்டியை வாங்கி, அது நிற்கும் இடத்தில் வரி முடிவுக் குறியைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் மறுத்துவிடுங்கள். கூடுதலாக எழுத வேண்டியது சில வரிகள்தான். கொள்ளளவை மீறுவதை மட்டும் அப்போதும் அது கண்டுபிடிக்காது. அதிகபட்ச எல்லை ஒன்றை நாமே வைக்க வேண்டியிருக்கும்.

‘பெயர்=மதிப்பு’ என்ற ஜோடிகள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு வரும் இடங்களுக்கு மேட்ச் டோக்கன் என்ற அட்டவணை முறை இருக்கிறது. வலைப்பின்னல் வழியே என்விஎம்ஈ என்ற வேகமான வகை டிஸ்க்கை இணைக்கும் டிரைவர் இதைப் பயன்படுத்துகிறது: முகவரி, துறை (போர்ட்) எண் 4420, காத்திருக்கும் கட்டளைகளின் வரிசை நீளம் என்று எல்லாம் ஒரே எழுத்துச் சரத்தில் வரும். வரிசை நீளம் சொல்லாவிட்டால் 128. சொன்னால் 16க்கும் 1024க்கும் இடையில் இருக்க வேண்டும். ‘128அஆ’ என்று கொடுத்தால் அட்டவணையில் எதுவும் பொருந்தாததால் இணைப்பு மறுக்கப்படும். மறுப்பது சரி. ஆனால் பதிவில் வரும் செய்தி, தெரியாத அளவுரு அல்லது மதிப்பு விடுபட்டது என்கிறது. பெயரும் தெரிந்ததுதான், மதிப்பும் இருக்கிறது. தவறு எங்கே என்று தேடுகிறவர் வேறு திசையில் போய்விடுவார்.

அதே அட்டவணை முறையை, தன் சேமிப்பகத்தைப் பிற கணினிகளுக்கு டிஸ்க்காகத் தரும் ஸ்கஸி டார்கெட்டின் கோப்பு வழிச் சேமிப்புப் பகுதியும் பயன்படுத்துகிறது. அங்கே தெரியாத பெயர் வந்தால் ஒன்றும் சொல்லாமல் கடந்துபோகிறது. பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதியவர், தன் அமைப்பு ஏற்கப்பட்டது என்றே நம்பிக்கொண்டிருப்பார். கருவி ஒன்றே, நடத்தை இரண்டு. இந்த இரண்டில் என்விஎம்ஈ டிரைவரின் வழியைத்தான் நான் பின்பற்றச் சொல்வேன், செய்தி குழப்பமாக இருந்தாலும்கூட. கோப்பு முறைமைகளை இணைக்க 2019இல் வந்த புதிய மவுண்ட் முறை இன்னும் ஒரு படி மேல்: பெயரோடு மதிப்பின் வகையையும் அட்டவணையிலேயே குறித்துவிடலாம். டிஸ்க் போன்றவற்றுக்கான பிளாக் டிரைவர் எழுதுகிறவருக்கு அது நேரடியாகப் பயன்படாது என்பதால் இங்கே விரிக்கவில்லை.

இத்தனை தொல்லை எதற்கு, இந்த வேலையைக் கெர்னலுக்கு வெளியிலேயே முடித்துவிடலாமே என்று வகுப்பில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எல்விஎம் ஓரளவு அதைத்தான் செய்கிறது. 10ஜி என்று நாம் கேட்டதை அதுவே 20971520 செக்டார்களாக மாற்றிக்கொள்கிறது. டிவைஸ் மேப்பருக்குள் போகும் கட்டமைப்பில் தொடக்கமும் நீளமும் 64 பிட் எண்களாகவே போகின்றன; மீதி மட்டும் எழுத்தாகப் போகிறது. ஜிகாபைட், மெகாபைட் எழுத்துகளைப் பிரிப்பதை வெளியே வைப்பதையே நான் விரும்புகிறேன். அங்கே தவறு நடந்தால் ஒரு நிரல் நிற்கும். கெர்னலுக்குள் நடந்தால் கணினியே நிற்கலாம். ஆனால் வெளியே சரிபார்த்தாயிற்று என்பதற்காக உள்ளே சரிபார்ப்பை விட்டுவிட முடியாது. ரூட் (முழு நிர்வாக) உரிமை உள்ள எவரும் அந்தக் கருவியைத் தாண்டி நேரடியாகக் கெர்னலோடு பேசலாம்.

நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும் சிறிய டிரைவர், நினைவகத்தின் ஒரு பகுதியை டிஸ்க்காகக் காட்டுவது. அதன் அளவை மெகாபைட் கணக்கில் வெறும் எண்ணாகத்தான் வாங்குகிறோம். அடிமானம் 10, ‘கேஸ்ட்ர்டோ’, மேல் எல்லை கணினியில் உள்ள நினைவகத்தில் பாதி. மறுக்கும்போது வந்த சரத்தையும் அனுமதிக்கப்பட்ட எல்லையையும் பதிவில் எழுதுகிறோம்.