காரைக்குடியில் வாங்கக்கூடிய ஹூலா ஹூப் வளையங்கள்: பாட்டோடு சுற்ற எது ஏற்றது?

இடுப்பில் வளையம் சுற்றுவதை எடை குறைக்கும் பயிற்சியாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த மதிப்புரை அவ்வளவாகப் பயன்படாது. காலையில் வீட்டின் உள்கட்டான வளவின் முற்றத்தில் கால்மணி நேரம் சுற்றிக்கொண்டே நாலு வரிப் பாட்டைச் சொல்லிப் பார்க்க வேண்டும், மனசுக்குள் ஒரு நாமத்தை ஓடவிட வேண்டும், யாருடைய கணக்குக்கும் கட்டுப்படாமல் உடம்பு ஆட வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக எழுதியது. அப்படிச் சுற்ற எந்த வளையமும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. வளையத்தின் அகலமும் கனமும்தான் சுற்றின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. வேகம் கூடினால் வாயில் பாட்டு நிற்காது, மூச்சுதான் வாங்கும்.

நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பவை நான்கு வகை.

முதலாவது, விளையாட்டுச் சாமான் கடைகளில் கொத்தாகத் தொங்கும் மெல்லிய வண்ண வளையம். குறுக்களவு 60 முதல் 75 செ.மீ. வரை இருக்கும். பிள்ளைகளுக்குச் சரி. பெரியவர்கள் இடுப்பில் இது நிற்க வேண்டுமானால் நொடிக்கு இரண்டு சுற்றுக்கு மேல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். “எனக்கு ஹூலா ஹூப் வரவே வராது” என்று ஒதுங்கிப்போகிற பலர் கையில் எடுத்தது இந்த வளையமாகத்தான் இருக்கும். குறை அவர்கள் இடுப்பில் இல்லை. வாங்கும்போது இணைப்பைக் கட்டாயம் தடவிப் பாருங்கள். சிலவற்றில் வெறும் பின் அடித்து விட்டிருப்பார்கள். அது கிளம்பி வந்தால் தோலைக் கிழிக்கும்.

இரண்டாவது, ஏழெட்டுத் துண்டாகக் கழற்றி மாட்டும் ஸ்பாஞ்ச் சுற்றிய வளையம். ஆன்லைனில் அதிகம் விற்பது இதுதான். பையில் போட்டு ஊருக்கு எடுத்துப் போகலாம் என்பது உண்மையான வசதி. அகலமும் போதும். ஆனால் உள்பக்கம் அலை அலையாக மேடு வைத்த வகையைத் தவிர்க்க வேண்டும். மசாஜ் என்று சொல்லி விற்கும் அந்த மேடுகள், ஒரே இடத்தில் மோதி மோதி இடுப்பெலும்பின் மேல் கன்றிப்போகச் செய்யும். வழவழப்பான உள்பக்கம் உள்ளதே நல்லது. இன்னொரு சிக்கல் பூட்டுகள். நாள்பட நாள்பட அவை தளர்ந்து, சுற்றுக்குச் சுற்று ‘டக் டக்’ என்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் பாட்டின் தாளத்தோடு ஒருபோதும் சேராது. கோடையில் ஸ்பாஞ்ச் வேர்வையைக் குடித்து நாற்றமடிக்கும். கழற்றித் துவைக்கவும் முடியாது.

மூன்றாவது, இடுப்பில் பெல்ட் மாதிரிப் பூட்டிக்கொண்டு, கயிற்றில் தொங்கும் எடைப்பந்தைச் சுற்றவிடுகிற வகை. கீழே விழாது என்பதுதான் இதன் விளம்பரம். விழாத வளையத்திடம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை என்பது எங்கள் கருத்து. கவனம் எப்போது சிதறியது என்பதை வளையம் விழுந்துதான் நமக்குச் சொல்கிறது. நாமம் சொல்லிக்கொண்டு சுற்றுபவருக்கு அந்த அறிவிப்பு மிகவும் தேவை. போதாததற்குப் பந்தின் சக்கரம் பெல்ட்டின் தடத்தில் ஓடும் சத்தம் வேறு, பக்கத்தில் வரும் பிள்ளைகளின் முகத்தில் பந்து படும் அபாயம் வேறு. வியர்க்க வேண்டும் என்பவர் வாங்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

நான்காவதுதான் எங்கள் தேர்வு: போர்வெல் மோட்டாருக்கு இறக்கும் கருப்பு எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) ஹோஸை வாங்கி நாமே செய்துகொள்வது. 1958-ல் அமெரிக்காவில் வாம்-ஓ நிறுவனம் ஹூலா ஹூப்பை ஊரெங்கும் பரப்பியபோது பயன்படுத்தியதும் பாலிஎத்திலீன் குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். அதற்கு முன்பே ஆஸ்திரேலியாவில் மூங்கில் வளையங்களைப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கருப்பு ஹோஸ் காரைக்குடியில் எந்தப் பெரிய ஹார்டுவேர் கடையிலும் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். இணைப்பு, டேப் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ முந்நூறு, நானூறு ரூபாய்க்குள் முடியும்.

அளவு இப்படிப் பாருங்கள். வளையத்தைத் தரையில் நிமிர்த்தி வைத்தால் தொப்புளுக்கும் நெஞ்சுக்குழிக்கும் நடுவே வர வேண்டும். பெரும்பாலான பெரியவர்களுக்கு 100 செ.மீ. குறுக்களவு பொருந்தும். உடல் பருமனானவர்களும் புதிதாகத் தொடங்குபவர்களும் 105 செ.மீ. எடுக்கலாம். குறுக்களவை 3.14 ஆல் பெருக்கினால் குழாயின் நீளம் வரும்: 100-க்கு 314 செ.மீ., 105-க்கு 330 செ.மீ. குழாயின் வெளிவிட்டம் 25 மி.மீ., சுவர்த் தடிமன் இரண்டேகால் மி.மீ. அளவில் இருந்தால் வளையம் ஏறக்குறைய அரைக் கிலோ வரும். பாட்டுக்கு ஏற்ற கனம் அதுவே. 20 மி.மீ. குழாய் 350 கிராம் அளவில் நிற்கும். கை பழகியபின் நெஞ்சிலும் தோளிலும் சுற்ற அது நன்றாக இருக்கும். 32 மி.மீ. குழாய் 800 கிராமைத் தாண்டிவிடும், விலாவில் கன்றும். கனம் கூடக்கூட நல்லது என்று கடையில் சொன்னாலும் கேட்க வேண்டாம். வெள்ளை பி.வி.சி. குழாய் வளையாது, வளைத்தாலும் உடையும்.

கடையில் சுருளைப் பார்த்து வாங்குங்கள். பெரிய சுருளாகச் சுற்றி வைத்திருக்கும் குழாயே நல்லது. சின்னச் சுருளின் வளைவு குழாயில் பதிந்துவிடும், பிறகு வளையம் முட்டை வடிவத்துக்கே திரும்பும். ஆக்சா பிளேடால் நேராக வெட்டி, ஓரப் பிசிறை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். உள்ளே நுழையும் பிளாஸ்டிக் ஜாயின்டர் ஒன்று வாங்கி, குழாய் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி, சூடு ஆறுமுன் அழுத்தி ஏற்ற வேண்டும். அடுத்த முனைக்கும் அப்படியே. இரண்டு முனையும் இடைவெளியே இல்லாமல் முட்டி நிற்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீட்டு வளையங்கள் கெட்டுப்போகின்றன. ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் சுற்றும்போது வாய் திறந்து மூடித் தோலைக் கவ்வும். பொருத்தியபின் வெளிப்புறத்திலிருந்து இரு பக்கமும் ஒவ்வொரு சின்ன ஸ்க்ரூ. அதன் முனை உள்பக்கம் துருத்தக் கூடாது, தலை மேலே தெரியக் கூடாது.

வட்டம் சரியாக, மொட்டை மாடியில் சமதளமாகப் போட்டு, நீண்ட பக்கத்தின் இரு ஓரத்திலும் செங்கல் அணைத்து ஒரு பகல் வெயிலில் விடுங்கள். இன்ச் டேப்பால் இரண்டு திசையிலும் குறுக்கே அளந்து, வித்தியாசம் ஒன்றரை செ.மீ.க்குள் வந்தால் போதும். கோணலான வளையம் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை உதைக்கும். சுற்றி முடித்தபின் இதே மாடியில் விட்டுவிடாதீர்கள். சித்திரை வெயில் சரியாக்கிய வட்டத்தைச் சித்திரை வெயிலே கெடுத்துவிடும்.

வெறும் குழாய் வழுக்கும். உள்பக்கத்தை முரட்டு உப்புத்தாளால் சுற்றிலும் தேய்த்துவிட்டாலே பாதி வழுக்கல் போய்விடும். அதன் மேல் துணி டேப்பைச் சாய்வாக, கால் பங்கு மேலேறும்படி, இழுத்துச் சுற்றுங்கள். எலெக்ட்ரிஷியன் டேப் பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் நம் ஊர் வெக்கையில் பசை வெளியே கசிந்து சட்டையில் பிடிக்கும். துணி டேப்பால் வேறொரு நன்மையும் உண்டு: செட்டிநாட்டு வீடுகளின் வழவழத்த வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் கருப்புக் குழாய் உரசிக் கோடு போடாது. குழாய்க்குள் மணல் நிரப்பிக் கனம் ஏற்றச் சொல்வார்கள். மணல் ஓரிடத்தில் ஒதுங்கி வளையம் தள்ளாடும், செய்ய வேண்டாம்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டும் பாலியெஸ்டரும் வளையத்தைக் கீழே வழியவிடும். பருத்தி பிடிக்கும். காரைக்குடிக் கண்டாங்கியின் தடித்த பருத்தி இந்த வகையில் அருமையான துணி. முந்தானையை இழுத்துச் செருகி, கொசுவத்தை இறுக்கமாக வைத்துக் கட்டினால் சேலையிலேயே சுற்றலாம். தளர்வான துப்பட்டாதான் ஆபத்து.

இடம் என்றால் முற்றத்தின் நடுவே, சுற்றிலும் இரண்டரை மீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும். வளவின் சுற்றுப் பத்தியில் தூண்கள் நெருக்கம். முற்றம் பத்தியைவிட ஒரு படி தாழ்ந்திருப்பதால் பின்னால் நகர்ந்து நகர்ந்து விளிம்பில் கால் இடறுகிறவர்கள் உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வெறுங்காலுக்குச் சுகம். ஈரம் பட்டால் மட்டும் நிற்காதீர்கள்.

சுற்றுவது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொன்னால்: ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் இளக்கம். வளையத்தை முதுகில் ஒட்டவைத்து, தரைக்கு இணையாக ஒரே வீச்சில் விட வேண்டும். இடுப்பை வட்டமாகச் சுழற்றுவது எல்லாரும் செய்யும் தவறு. வயிற்றில் வளையம் தொடும்போது முன்னே, முதுகில் தொடும்போது பின்னே, இந்தத் தள்ளல் மட்டும் போதும். சரிய ஆரம்பித்தால் குனிந்து பார்க்காமல், தள்ளலை விரைவாக்கி, வளையம் போகும் பக்கமே உடலையும் திருப்புங்கள். ஏறிவிடும். 2024 டிசம்பர் இறுதியில் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், சுழலும் பொம்மை உருவங்களில் வளையத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தார்கள். நேர் உருளையில் வளையம் நழுவி விழுந்தது. சரிவான இடுப்பும் அதற்கு மேல் ஒடுங்கிய இடையும் உள்ள உருவத்தில்தான் நிலைத்து நின்றது. ஒடுங்கிய இடை இல்லாத உடல்வாகு உள்ளவர் கொஞ்சம் கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது. அவர்களுக்கு 105 செ.மீ. வளையத்தையே சிபாரிசு செய்வோம்.

இனி பாட்டு. அரைக்கிலோ வளையம் ஏறத்தாழ நொடிக்கு ஒன்றரைச் சுற்றில் அமைதியாக ஓடும். ஒரு சுற்றுக்கு ஒரு சீர் என்று வைத்துக்கொண்டால் நாற்சீர் அடி நான்கு சுற்றில் முடிகிறது. நாலடி வெண்பாவுக்கு இது அழகாகப் பொருந்தும். மூன்றடிக்குப் பன்னிரண்டு சுற்று, ஈற்றடி முச்சீர் என்பதால் மூன்று சுற்று, பதினாறாவது சுற்று மூச்சு இழுக்க. எழுதுகிற பழக்கம் உள்ளவர் தம் வெண்பாவை இப்படிச் சொல்லிப் பார்த்தால் தளை தட்டும் இடம் உடம்புக்கே தெரியும், அங்கே வளையம் தடுமாறும். புதுக்கவிதை எழுதுபவர் ஒரு வெளிமூச்சில் எத்தனை சுற்று தாங்குகிறதோ அதுவரை ஒரு வரி என்று வைத்துப் பார்க்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு சொல்லக் கூடாது. தலை சுற்றும்.

நாமத்துக்கும் கணக்கு உண்டு. ‘சரவணபவ’ ஆறும் குறில், ஆறு மாத்திரை (எழுத்தை ஒலிக்கும் கால அளவு). ‘நமசிவாய’ ஐந்தெழுத்து, ஆனால் ‘வா’ நெடில் என்பதால் அதுவும் ஆறு மாத்திரை. இரண்டையும் மூன்று சுற்றுக்கு ஒரு தடவை, சுற்றுக்கு இரண்டு மாத்திரை என்று விட்டால் இழுக்காமல் திணறாமல் ஓடும். வாய்விட்டுத் தொடங்கி, பிறகு உதட்டளவில், பிறகு மனசுக்குள் என்று இறக்குங்கள். காவடியைத் தோளில் ஏற்றி ஆடிப் பாடிக்கொண்டே குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற மரபு உள்ள சீமை இது. உடம்பின் ஆட்டமும் பக்தியும் ஒன்றாகப் போவதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

திசையைப் பற்றி ஒரு கேள்வி எப்போதும் வரும். பிள்ளையார்பட்டியில் துதிக்கையே வலம் சுழிந்திருக்கும்போது, கோயிலில் வலமே வரும்போது, இடப்பக்கம் சுற்றலாமா என்பார்கள். சுற்றத்தான் வேண்டும். ஒரே பக்கம் சுற்றினால் இடுப்புத் தசை ஒருபக்கமாகவே இறுகும். நாமத்தை வலஞ்சுழியில் வைத்துக்கொள்ளுங்கள், அதாவது வயிற்றுக்கு முன்னே வளையம் இடமிருந்து வலமாக ஓடும் பக்கம். பாட்டை இடஞ்சுழியில் வைத்துக்கொள்ளலாம். வலக்கைப் பழக்கம் உள்ள பலருக்கு இடஞ்சுழிதான் முதலில் வரும். வராத பக்கத்தைத் தினமும் முதலில் செய்வது நல்லது.

தொடக்கத்தில் பக்கத்துக்கு மூன்று நிமிடம் போதும், ஒரு வாரத்தில் ஐந்தாக்கலாம். முதல் சில நாள் லேசாகக் கன்றுவது வழக்கம்தான். வலி எலும்புக்குள் போனால் நிறுத்துங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆக வேண்டும். கர்ப்பிணிகள், வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள், கருப்பை இறக்கமோ முதுகுத்தண்டு வட்டுத் தொந்தரவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வளையத்தையும் வாங்க வேண்டாம்.

வைக்கும் விதம்: ஒற்றை ஆணியில் மாட்டினால் அந்த இடத்தில் குழாய் மெல்ல மடங்கும். ஒரு முழ இடைவெளியில் இரண்டு மர முளை அடித்து அதன் மேல் மாட்டுங்கள், அல்லது இரண்டாங்கட்டில் நிழலான தரையில் படுக்கவையுங்கள். துணி டேப் வேர்வையில் கறுத்துப்போனால் உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம். டேப்பை மாற்றும்போதே ஸ்க்ரூ இரண்டையும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.