பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம்: ஏபியா, ஈஆர்டபிள்யூசியா, கல்லூரி வகுப்பா?

கலிபோர்னியாவில் பதினோராம் வகுப்புப் பிள்ளை உள்ள வீட்டில் இப்போது இதுதான் பேச்சு. பள்ளியை முடிக்க மாநிலச் சட்டம் கேட்பது 3 ஆண்டு ஆங்கிலம். ஆனால் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத் தொகுப்புகளான யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா), கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) இரண்டும் 4 ஆண்டு கேட்கின்றன, அதுவும் 'சி' கிரேடுக்குக் குறையாமல். ஆக, கடைசி வருஷம் ஆங்கிலத்தை விட முடியாது.

நம் தமிழ்ப் பெற்றோரிடம் பதில் தயாராக இருக்கும்: ஏபி லிட்ரேச்சர், அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் இலக்கிய வகுப்பு. ஏன் என்றால், "ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) ஏறும்" என்பார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. யூசி ஜிபிஏ கணக்கிடுவது 10, 11ஆம் வகுப்புப் பாடங்களை வைத்து. 12இல் எடுக்கும் ஏபியின் கூடுதல் புள்ளி அதில் சேராது. கடினமான பாடம் எடுத்த பிள்ளை என்பது மட்டும் விண்ணப்பத்தில் தெரியும். மே மாதத் தேர்வில் 2 மணி நேரத்தில் 3 கட்டுரை: ஒரு கவிதை, ஒரு உரைநடைப் பகுதி, படித்த நூல் ஒன்றை வைத்து ஒரு வாதம். கவிதையை ரசிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல வகுப்பு கிடையாது. ரசிக்காத பிள்ளைக்கு வருஷம் முழுக்கப் பாரம்.

ஈஆர்டபிள்யூசி, அதாவது கட்டுரைகளைப் படித்து அலசி எழுதப் பழக்கும் வகுப்பு, என்றாலே பலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கால் ஸ்டேட் பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து உருவாக்கிய பாடம் அது. நான்காம் ஆண்டு ஆங்கிலமாக யூசியும் ஏற்கிறது. என் மகன் ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தான். முதலில் என்ன சொல்கிறார்கள், அப்புறம் எப்படி வாதாடுகிறார்கள், கடைசியில் தன் பதில் என்ன. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. ஒரு பத்தி எழுதவே தயங்கியவன், டிசம்பரில் மூன்று பக்கம் எழுதிக் காட்டினான்.

மூன்றாவது, கம்யூனிட்டி காலேஜில் டூயல் என்ரோல்மென்ட்: பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி வகுப்பு எடுப்பது. அங்கே ஒரு செமஸ்டர் ஆங்கிலம் பள்ளியின் ஒரு வருஷத்துக்குச் சமம். தேறினால் கல்லூரி கிரெடிட் கையில்; ஏபி மாதிரி ஒரே நாள் தேர்வை நம்பியிருக்க வேண்டாம். யூசியில் சேர்பவர்கள் நிறைவேற்ற வேண்டிய தொடக்க நிலை எழுத்துத் தேவையை ஏபி தேர்வில் 5க்கு 3 வாங்கியும் தீர்க்கலாம், இந்த வகுப்பில் 'சி' வாங்கியும் தீர்க்கலாம். ஆனால் அந்த மதிப்பெண் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) நிரந்தரமாக நிற்கும். கெடு தவறினால் நினைவூட்ட ஆளும் இருக்காது. வேலையைத் தானே திட்டமிடுகிற பிள்ளை என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

அண்மையில் ஊரிலிருந்து வந்து ஈஎல்டி (ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்களுக்கான) வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வகுப்பில் ஒரு வருஷத்தைத்தான் யூசி ஆங்கிலக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். மீதி 3 ஆண்டு எப்படி நிரம்பும் என்று கவுன்சிலரிடம் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தெரிந்தால் சரிசெய்ய நேரமிருக்காது.