மூன்று ஆண்டு நிக்ஸ்: கோப்பு இருந்தும் இல்லை என்கிறது

போன வாரம் மடிக்கணினியின் சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ரிச்சி தெருவில் புதியது மாட்டிக்கொண்டு வேளச்சேரி வந்து சேர்ந்தபோது மாலை ஆறு. கணினியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கோப்பில் எழுதிக் கொடுத்தால் அப்படியே அமைத்துத் தரும் கருவி நிக்ஸ்; அதன் மேல் கட்டிய லினக்ஸ் நிக்ஸ்ஓஎஸ். அதை நிறுவி, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு வைக்கும் கிட்டிலிருந்து என் ஃபிளேக்கை (அந்த அமைப்புக் கோப்புகளின் தொகுப்பை) இறக்கி, ஒரே ஒரு கட்டளை. இரவுச் சாப்பாட்டுக்குள் அதே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அதே பைத்தான், எழுத்துருக்கள் உட்பட எல்லாம் வந்துவிட்டன. தரவு மட்டும் காப்புப் பிரதியிலிருந்து. அலுவலக சர்வருக்கும் இதே ஏற்பாடுதான். புதிய பதிப்பு காலை வாரினால் 'தலைமுறை' என்று சேமித்து வைத்திருக்கும் முந்தைய நிலைக்குத் திரும்ப ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதைக் கேட்ட நண்பர், "நானும் மாறட்டுமா?" என்றார். சட்டென்று பதில் வரவில்லை.

ஏனென்றால் அன்று இரவே ஃபிளேக்கில் ஒரு புதுக் கோப்பை எழுதி, அமைப்பை உருவாக்கும் பில்டை ஓட்டினேன். அப்படியொரு பாதையே இல்லை என்றது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. பெயரில் எழுத்துப்பிழையா, அனுமதியா, புது எஸ்எஸ்டியே கோளாறா என்று இருபது நிமிடம் தேடினேன். கோப்பைக் கிட்டில் சேர்க்கும் 'கிட் ஆட்' கட்டளையைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கிட்டுக்குத் தெரியாத கோப்பை ஃபிளேக் திரும்பியும் பார்க்காது. மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை இதே குழியில் விழுந்தேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

காரணம் நியாயமானது. கணினியில் சும்மா கிடக்கும் கோப்பு பில்டுக்குள் நுழைந்தால் எனக்கொரு விளைவு, சர்வருக்கு வேறொன்று. அதைத் தடுக்கத்தான் 2003இல் ஏல்கோ டோல்ஸ்ட்ரா நிக்ஸைத் தொடங்கினார். ஆனால் 'இல்லை' என்பதற்குப் பதில் 'கிட்டில் சேர்க்கவில்லை' என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? நிக்ஸின் புதிய பதிப்புகள் அப்படித்தான் சொல்கின்றன. என்னிடம் இருப்பது பழையது. மென்பொருள் பதிப்புகளைக் குறித்து வைக்கும் லாக் கோப்பு நிக்ஸின் பதிப்பையும் இறுகப் பிடித்திருப்பதால், கணினி அச்சுப் பிசகாமல் திரும்பியபோது அந்தப் பாழாய்ப்போன பிழைச் செய்தியும் அச்சுப் பிசகாமல் திரும்பிவிட்டது!

2021இல் 2.4 பதிப்போடு வந்த ஃபிளேக்குக்கு நிக்ஸில் இன்னும் 'சோதனை நிலை' முத்திரை போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லி, நண்பரிடம் வேண்டாம் என்றேன். அலுவலகத்தில் உபுண்டுவில் ஓடும் இரண்டு சர்வர்கள் மிச்சம் இருக்கின்றன. சனிக்கிழமை அவற்றையும் நிக்ஸுக்கு மாற்றுகிறேன்.