ஜன்னலில் ஒட்டிய யுவி ஃபிலிம்: எட்டு மாதம் கழித்து

எங்கள் மதுரை வீட்டுக் கூடத்தில் தாத்தா காலத்துத் தேக்கு ஊஞ்சல் இருக்கிறது. மேற்கு ஜன்னல் வெயில் பட்டு ஒரு பக்கம் மட்டும் வெளுத்து, பாலிஷ் செதில் செதிலாக உரிந்துவிட்டது. பார்க்கவே மனசு கேட்கவில்லை. மறுபாலிஷ் போட்ட கையோடு கண்ணாடிக்கு யுவி ஃபிலிம் ஒட்டினேன். மரத்தின் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைப்பது முக்கியமாக வெயிலில் உள்ள புற ஊதா (யுவி) கதிர்தான். அதில் 99 சதவீதத்தைத் தடுக்கும் என்று அட்டையில் போட்டிருந்தது.

நேற்று ஊஞ்சலில் எப்போதும் கிடக்கும் திண்டை நகர்த்திப் பார்த்தேன். அடியிலும் வெளியிலும் ஒரே தேன் நிறம். அப்பாடா! கூடமும் இருட்டடிக்கவில்லை.

ஒட்ட வந்தவர் ஓரத்தில் குமிழ் விட்டுப் போனார். இரண்டு முறை கூப்பிட்டுத்தான் சரியானது. அப்புறம், சாதாரண வெளிச்சமும் நிறத்தைக் கொஞ்சம் மங்கச் செய்யும். அதனால் மூன்று மணிக்கு மேல் திரையையும் இழுத்துவிடுகிறேன்.